பல ஆண்டுகளுக்குப் பின் பாவசங்கீர்த்தனத்திற்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

16 ஆண்டுகள் நான் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, செய்யாமல் இருந்தேன். விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலின் கடைசித் தூணருகே நின்று திருப்பலி கண்டுவிட்டு, நற்கருணை வழங்கும் நேரத்தில் வெளியே வந்துவிடுவேன். சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த பெண்ணைப் பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்திருந்தேன். அண்ணனோடு பேச்சு இல்லை. அவருக்குக் கொடுக்கவேண்டிய பணமும் பாக்கி இருந்தது. இவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததால் எதை முதலில் அவிழ்ப்பது என்று தெரியாமல், திரும்பி வர முடிவெடுத்த பிறகும் ஏறக்குறைய 2 ஆண்டுகளை வீணாக்கினேன். அந்த 2 ஆண்டுகளை மற்றவர்கள் வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மற்ற சபையினருக்கு மூன்றாம் படி மட்டும் பயன்படலாம்.

1. முதலில் பங்குக் கோயில் அலுவலகத்தில் பேசுங்கள், பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போங்கள்

நான் செய்த முதல் தவறு இதில்தான். தவக்காலத் தியானத்தின் கடைசி நாளில் உணர்ச்சிவசப்பட்டுப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (குருவானவர் பாவங்களைக் கேட்கும் தடுப்பறையில்) முழங்காலிட்டு, திருமணம், அண்ணன், பணம் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குருவானவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திருமணத்தைச் சரிசெய்யும்வரை பாவமன்னிப்பு வழங்க இயலாது என்றும், பங்கு அலுவலகத்திற்கு வந்து பேசும்படியும் சொன்னார். மறுநாள் போனேன். அவர் என்னைப் பார்த்து, "சொல்லுங்கள், என்ன விஷயமாக வந்தீர்கள்?" என்று ஒன்றுமே தெரியாதவர்போல் கேட்டார். முந்தின நாள் அழுது சொன்னதையெல்லாம் மறந்துவிட்டாரே என்று எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கோபம் ஒரு முழு ஆண்டைத் தின்றது.

அவர் மறக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட எதையும் குருவானவர் சொல்லாலோ சைகையாலோ வெளிப்படுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 983 தடைவிதிக்கிறது. நேரடியாக மீறினால் அவர் தானாகவே திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுகிறார். பாவத்தைச் சொன்னவரிடமேகூட, அவராக அனுமதிக்காமல், வெளியில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ஆகவே தொட்டியில் சொன்னதை வைத்து அவர் உங்களுக்காகக் கடிதம் எழுதவோ மறைமாவட்ட அலுவலகத்தில் பேசவோ முடியாது. ஆவணம் தேவைப்படும் எந்த விஷயத்தையும் அலுவலகத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, தனியாக மறுபடியும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திருமணச் சிக்கல் இல்லாதவர்கள் இந்தப் படியையும் அடுத்ததையும் விட்டுவிட்டு மூன்றாம் படிக்குச் செல்லலாம். உங்களுக்குச் சிக்கல் இருக்கிறதா என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: உங்கள் திருமணம் ஆயர் (பிஷப்), பங்குத்தந்தை, அல்லது அவர்களால் அதிகாரம் பெற்ற குரு அல்லது திருத்தொண்டரின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடந்ததா? சட்டம் 1108 கேட்பது இதைத்தான். இல்லையென்றால், ஆயரிடம் தனி விலக்குப் பெற்றிருந்தாலொழிய, அரசாங்கப் பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் திருச்சபை அதைத் தன் கணக்கில் திருமணமாக ஏற்பதில்லை.

அலுவலகத்திற்கு வார நாள் மாலையில் போங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்தவுடன் போனால் உங்களுக்கு முன்னால் பூசைக் கருத்து (யாருக்காகத் திருப்பலி வைக்கவேண்டும் என்பது) எழுதிக்கொடுக்க வந்தவர்களும் கல்லறை இடம் கேட்க வந்தவர்களும் நிற்பார்கள். வாழ்க்கைக் கதையைச் சொல்ல அது இடமல்ல. மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரிடமோ கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையிடமோ விவரம் சொல்லவேண்டியதில்லை; "சாமியாரைத் தனியாகப் பார்க்கவேண்டும்" என்பது போதும்.

2. திருமணத்தைக் கோயில் முறைப்படி சரிசெய்தல்: ஆவணங்கள், செலவு, காலம்

அதிக நாள் பிடிப்பது இதுதான். ஆகையால் இதைத் தொடங்கி வைத்துவிட்டு, தாள்கள் நகரும் நேரத்தில் மூன்றாம் படியைச் செய்யுங்கள்.

என்னிடம் கேட்கப்பட்டவை இவை: என் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழ், மனைவியின் ஞானஸ்நானச் சான்றிதழ், பதிவுத் திருமணச் சான்றிதழின் நகல், இருவரின் ஆதார் நகல், புகைப்படங்கள், நான் இருக்கும் பங்கின் குடும்ப அட்டை, திருமண முன்தயாரிப்புப் பயிற்சியில் கலந்துகொண்டதற்கான சான்று. திருமணமாகிப் 13 ஆண்டுகள் ஆனவர்களை, நாளை மணமுடிக்கப்போகும் 24 வயதுப் பிள்ளைகளோடு பயிற்சியில் உட்காரவைத்தது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் மன்னிப்பைப் பற்றி அங்கே ஒரு வயதான தம்பதியர் பேசிய அரை மணி நேரத்தை என் மனைவி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திருமுழுக்குச் சான்றிதழில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாட்டியின் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கும் பழைய சான்றிதழ் செல்லாது. திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் உறுதிபூசுதல், திருமணம் போன்றவை குறிக்கப்படும் என்பதால், அந்த ஓரக்குறிப்போடு புதிதாக எழுதித் தரப்பட்ட சான்றிதழைத்தான் கேட்பார்கள். 6 மாதத்திற்குள் பெற்றதாக இருக்கவேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அதை நீங்கள் இப்போது இருக்கும் பங்கு தராது. திருமுழுக்குப் பெற்ற பங்குதான் தரவேண்டும்.

எனக்கு அதிலும் ஒரு முடிச்சு விழுந்தது. எங்கள் ஊர் நான் பிறந்தபோது கிளைக் கிராமமாக இருந்து பின்னர் தனிப்பங்காயிற்று. புதிய பங்கில் இரண்டு மணிநேரம் தேடியும் என் பெயர் இல்லை. பிரிவதற்கு முந்தைய பதிவேடுகள் தாய்ப்பங்கிலேயே இருந்தன. உங்கள் ஊர் எப்போது தனிப்பங்கானது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் பேருந்து ஏறுங்கள். பெற்றோரின் பெயர், ஞானப்பெற்றோரின் (திருமுழுக்கின்போது உங்களுக்குப் பொறுப்பேற்றவர்களின்) பெயர், ஏறத்தாழ எந்த மாதம் என்பதைக் குறித்துக்கொண்டு போனால் தேடுகிறவருக்குப் பாதி வேலை குறையும்.

ஞானப்பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் வேறாக இருப்பது தென்மாவட்டங்களில் சாதாரணம். அந்தோணி மிக்கேல் என்று திருமுழுக்குப் பெற்றவர் பள்ளியில் வேறொரு பெயரில் சேர்ந்திருப்பார். இருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பங்குத்தந்தையின் கடிதமே போதும் என்பார்கள். எனவே முதலில் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள். பதிவேடே கரையான் தின்று போயிருந்தாலும் கலங்கவேண்டியதில்லை. யாருக்கும் பாதகம் இல்லாத நிலையில், நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலமே திருமுழுக்கை நிரூபிக்கப் போதுமானது என்கிறது சட்டம் 876. ஞானத்தாய் உயிரோடு இருந்தால் அவரைப் பார்த்துவிட்டு வர அது ஒரு நல்ல சாக்கு.

கோயில் வரி பாக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆண்டுக்கணக்கில் ஊரில் இல்லாதவர் சான்றிதழ் கேட்டு வந்தால் வரிக்கணக்கைத் திறக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஓர் ஊரில் என்னிடமும் கேட்டார்கள். வரி என்பது ஊர்ப்பொறுப்பு. முடிந்தால் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். முடியாவிட்டால் பங்குத்தந்தையிடம் நேரே சொல்லுங்கள். வரிப்பேச்சு கமிட்டிக்காரர்களோடு வாக்குவாதமாக மாறி, அந்தக் கோபத்தில் சான்றிதழே வேண்டாம் என்று திரும்பிவிடுவதுதான் இங்கே உள்ள பெரிய கண்ணி. சான்றிதழுக்கான கட்டணம் இடத்திற்கு இடம் மாறும் சிறு தொகைதான். என் செலவில் பெரும்பகுதி பேருந்துக்கும் விடுப்பெடுத்த நாள்களுக்கும் போனது.

துணைவர் திருமுழுக்குப் பெற்ற வேறு சபைக் கிறிஸ்தவர் என்றால் ஆயரின் அனுமதி தேவை. திருமுழுக்கே பெறாதவர் என்றால் தடையிலிருந்து விலக்குத் தேவை. இரண்டுக்கும் விண்ணப்பத்தைப் பங்குத்தந்தையே அனுப்புவார். கத்தோலிக்கராகிய நீங்கள் உங்கள் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கத் திருச்சபையில் வளர்க்க உங்களால் ஆனதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்கவேண்டும். துணைவர் வாக்குக் கொடுக்கவேண்டியதில்லை. உங்கள் வாக்கு அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் "நீயும் மதம் மாறவேண்டும்" என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சண்டை மூட்டிக்கொண்டவர்களை அறிவேன். துணைவர் கோயிலுக்கு வந்து மறுபடி சம்மதம் சொல்லவே மறுத்தாலும், முதலில் கொடுத்த சம்மதத்தையே ஏற்று ஆயர் வேரிலிருந்தே திருமணத்தைச் செல்லுபடியாக்கும் வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றியும் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் சிலர் சொல்வதில்லை.

எனக்கு ஆயர் இல்லத்திலிருந்து அனுமதி வர 5 வாரங்கள் ஆயின. சான்றிதழ்களுக்கு முன்னதாக 2 மாதங்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) நற்கருணை வாங்கவேண்டும் என்று நினைப்பவர்கள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று தொடங்கினால் பிந்திவிடுவீர்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே தொடங்குங்கள். தவக்காலத்தில் திருமணம் மந்திரிப்பது (கோயிலில் ஆசீர்வதித்து நடத்துவது) வழக்கமில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

3. மனிதர்களோடு ஒப்புரவு: தாள்கள் நகரும் நேரத்தில்

பலிபீடத்தில் காணிக்கை செலுத்தும்போது சகோதரனுக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகுங்கள் என்று மத்தேயு 5:23-24இல் ஆண்டவர் சொல்கிறார். கூர்ந்து பார்த்தால், அங்கே கேட்கப்படுவது உங்களுக்கு அவர்மேல் இருக்கும் மனத்தாங்கலை அல்ல, அவருக்கு உங்கள்மேல் இருப்பதை. நான் பல ஆண்டுகள் இதை மாற்றியே வாசித்துக்கொண்டிருந்தேன்.

என் கணக்கு இப்படி இருந்தது. தொழில் தொடங்க அண்ணனிடம் 1,80,000 ரூபாய் வாங்கியிருந்தேன். பிறகு திருமணச் சண்டை வந்தது. அம்மா இறந்தபோது எனக்குச் சொல்லி அனுப்பவில்லை; அடக்கம் முடிந்து மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பணத்தை நான் கொடுக்கவேண்டியதில்லை என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதிவிட்டேன். அவர் செய்த கொடுமைக்கும் நான் பட்ட கடனுக்கும் கழித்துக்கொண்டேன். யாரும் கேட்காததால் அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே தெரிந்தது. கேட்டவர் குருவானவர்தான். "அவரை மன்னிக்க உங்களுக்குக் காலம் ஆகலாம். பணத்தைக் கொடுக்க ஏன் காலம் ஆகவேண்டும்?" என்றார்.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இதுதான். உங்கள் பக்கத்துக் கடனை முதலில் தனியே பிரித்தெடுங்கள். பணமாக இருந்தால் தொகை, பேச்சால் ஒருவரின் பெயரைக் கெடுத்திருந்தால் எவரிடம் என்ன சொன்னோம் என்பது, இவற்றைத் தாளில் எழுதுங்கள். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் கெடுத்த பெயரை மீட்டுக் கொடுப்பதும் மனமாற்றத்தோடு சேர்ந்த கடமைகள் என்றே திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. முழுவதும் உடனே முடியாவிட்டால் தவணை வைத்துக்கொள்ளலாம்; ஆனால் முதல் தவணை பாவசங்கீர்த்தனத்திற்கு முன்னே போய்ச் சேரட்டும். நான் மாதம் 10,000 வீதம் 18 மாதங்கள் அனுப்பினேன். முதல் மூன்று மாதமும் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் மாதம் மதினி பேசினாள்: "பணம் வருது தம்பி." அவ்வளவே.

நேரில் போகிறபோது கவனிக்கவேண்டியவை சில உண்டு. மன்னிப்புக் கேட்கும்போது "ஆனாலும் நீங்கள்" என்று ஒரு வாக்கியம் நாக்கில் வந்து நிற்கும்; அதை விழுங்குங்கள். திருவிழா, கல்யாணம், துக்கம் ஆகிய கூட்டம் கூடும் நாள்களில் போகாதீர்கள்; பார்ப்பவர்களுக்காக அவர் உங்களை ஏற்றுக்கொள்ளவோ விரட்டவோ நேரும். மத்தியஸ்தம் செய்கிறேன் என்று வரும் உறவினர் எத்தனை அன்பானவராக இருந்தாலும் முதல் முறை அவரைக் கூட்டிப்போகவேண்டாம். நீங்கள் தேடிப்போனவர் மன்னிக்க மறுத்தால், உங்கள் பாவமன்னிப்பு அதனால் தடைப்படாது. நீங்கள் போனீர்களா, திருப்பிக் கொடுத்தீர்களா என்பதே உங்கள் பங்கு.

சொத்துப் பத்திரத்தை மன்னிப்போடு சேர்க்காதீர்கள். சமாதானமான அன்றைக்கே உருக்கத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு, 2 ஆண்டு கழித்து அதையே புதிய பகையாக வளர்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. பாகப்பிரிவினையை வேறொரு நாளில், வழக்கறிஞரை வைத்து, நிதானமாகப் பேசுங்கள்.

அடி, வன்முறை, பாலியல் கொடுமை ஆகியவற்றைச் சகித்தவர்களுக்கு மேலே சொன்ன "நேரில் போங்கள்" என்பது பொருந்தாது. எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்ன வசனத்தைக் காட்டி, அடிக்கிற கணவனிடம் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு அந்த வசனத்தில் எந்த இடமும் இல்லை. பழிவாங்கும் எண்ணத்தை விடுவது ஒன்று. கதவைத் திறந்துவிடுவது வேறு. கொடுத்த புகாரைத் திரும்பப் பெறவேண்டும் என்று யாராவது உங்களைப் பாவசங்கீர்த்தனத்தின் பெயரால் வற்புறுத்தினால், வேறொரு குருவிடம் போங்கள். அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும் பாவசங்கீர்த்தனம் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு.

4. பாவசங்கீர்த்தனம் செய்யும் நாள்

சிறுவயதில் படித்த ஐந்தும் இன்றும் அப்படியே பயன்படும்: பாவங்களை நினைவுகூர்தல், மனஸ்தாபம் (பாவங்களுக்காக வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), வாயால் வெளிப்படுத்துதல், அபராதம் தீர்த்தல் (குருவானவர் சொல்லும் பரிகாரத்தைச் செய்தல்). பத்துக் கட்டளைகளை முன்னால் வைத்துக்கொண்டு முந்தின நாள் இரவு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தாளைப் பார்த்துச் சொல்வதில் தவறில்லை, முடிந்ததும் கிழித்துவிடுங்கள். கைப்பேசியில் எழுதாதீர்கள்.

சாவான பாவங்களை (தெரிந்தே செய்த கனமான பாவங்களை) வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்லவேண்டும். 16 ஆண்டுக் கணக்கை யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. "மாதத்திற்கு இத்தனை முறை, இத்தனை ஆண்டுகள்" என்பது போதும். கதை வேண்டாம். மற்றவர்களின் பாவங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் பாதை மாறிவிட்டீர்கள். எனக்கு இது இரண்டு முறை நேர்ந்தது, இரண்டு முறையும் அண்ணனைப் பற்றித்தான். உண்மையாகவே மறந்துபோனவை மன்னிக்கப்பட்டவையே. நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லுங்கள். வேண்டுமென்றே மறைத்த ஒன்று இருந்தால்தான் முழுவதும் கெடும்.

உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்துபோயிருக்கும். பழைய "சர்வேசுரா சுவாமி" வடிவமோ இன்றைய வடிவமோ எது வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டும் வராவிட்டால் உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள். "எத்தனை ஆண்டுகள் ஆயின சாமி, எனக்கு முறை மறந்துவிட்டது" என்று தொடங்கினால் குருவானவர் கைபிடித்துக் கூட்டிப்போவார். முகம் காட்டத் தயங்குகிறவர்கள் வலைத்தடுப்பு உள்ள தொட்டியைக் கேட்கலாம்.

நேரம் முக்கியம். புனித வாரத்தில் வரிசையில் 40 பேர் நிற்கும்போது நீண்ட பாவசங்கீர்த்தனம் செய்தால் உங்களுக்கும் அவசரம், அவருக்கும் அவசரம். முன்கூட்டியே நேரம் கேட்டு ஒரு சாதாரண வார நாளில் போங்கள். தெரிந்த குருவிடம் கூச்சமென்றால் வேளாங்கண்ணி போன்ற திருத்தலத்திற்குச் செல்லலாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையான திருவிழா நாள்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தொலைபேசியிலோ காணொளி அழைப்பிலோ பாவமன்னிப்புப் பெற முடியாது. இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. திருமணத்தைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தை மந்திரிக்கும் நாளுக்கு முந்தின மாலையில் வைத்துக்கொள்வது எளிது. எனக்கு அப்படித்தான் நடந்தது.

கொடுக்கும் அபராதத்தை அன்றைக்கே முடியுங்கள். எனக்கு வந்தது ஒரு செபமாலையும், அம்மாவின் கல்லறைக்கு ஒரு முறை போய்வருவதும். செபமாலை 20 நிமிடத்தில் முடிந்தது. கல்லறைக்குப் போவதற்கு ஊருக்குள் போகவேண்டியிருந்தது.

5. அதற்குப் பிறகு

முதல் மாத உற்சாகத்தில் கோயிலின் எல்லாப் பக்தி சபைகளிலும் பெயர் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்திற்கு மட்டும் ஒழுங்காகப் போங்கள். அங்கே யாரும் உங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது, சீடத்துவத்திற்கு அது ஒரு நல்ல கடிவாளம். பாவசங்கீர்த்தனத்திற்கு ஆண்டுக்கு ஒரு முறை என்பது சாவான பாவம் உள்ளவர்களுக்குச் சட்டம் வைத்த எல்லைக்கோடு. நான் முதல் வெள்ளியோடு சேர்த்து மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டேன். மனைவி அவளுடைய ஆலயத்திற்கே போகிறாள். அங்கே வழிபாட்டில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையை ஒரு ஞாயிறு அவளோடு நின்று கேட்டேன்.

இறுதியாக ஓர் அலுவலக வேலை. திருமணம் மந்திரித்த விவரத்தைப் பங்குத்தந்தை நீங்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பி, பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கச் செய்யவேண்டும். பல இடங்களில் இது தபாலிலேயே தங்கிவிடுகிறது. பிள்ளைகளின் திருமணத்தின்போது மீண்டும் உங்கள் தலையில் வந்து விழும். 2 மாதம் கழித்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது கடிதம் வந்து மேசை இழுப்பறையில் கிடந்தது. நேரில் போய் நின்றேன். உபதேசியார் பதிவேட்டை விரித்து, என் பெயருக்கு எதிரே நீல மையில் தேதியையும் மனைவியின் பெயரையும் எழுதினார். என் பெயருக்கு நான்கு வரி மேலே, அதே பக்கத்தில், அண்ணன் மகளின் ஞானத்தாய் பெயர் இருந்தது.